எரியாத காரணம்

லோரோங் கூலிட் சந்தையில் லோரியின் பழைய காற்றுத் தொட்டி
இருபத்தைந்து வெள்ளி.
அதன் வயிற்றுக்குள் பீங்கான் பஞ்சு இரண்டு சுற்று,
மேலே சூளைச் சிமெண்டுப் பூச்சு.
ஒரு முழக் குழாய். செம்பு முனை. ரெகுலேட்டர்.
சமையலுக்கு வாங்கிய கேஸ் தோம்பு
அன்று முதல் சமையலுக்கு இல்லை.

பாயான் லெப்பாஸில் என் வேலை
தூசி நுழையக்கூடாத அறையில்.
வெள்ளை அங்கி, முகமூடி, பூதக்கண்ணாடி.
மயிரிழையில் பத்தில் ஒரு பங்குக் கீறலைத் தேடுவது.
பன்னிரண்டு மணி நேரம் எதையும் வெறுங்கையால் தொடுவதில்லை.
அதனால்தான், என்று குணாளனிடம் சொன்னேன்.
எதனால், என்றான்.

முதல் தீ ஐப்பசி அடைமழையில்.
சிமெண்டு காயும்வரை எனக்குப் பொறுமையில்லை.
பத்து நிமிடத்தில் உள்ளே படபடவென்று பொரிந்து
பூச்சு அப்பளமாய்ப் பெயர்ந்தது.
ஓதம் வெளியேற வழி கேட்டிருக்கிறது,
நான் கொடுக்கவில்லை.
சுரண்டி, மறுபடி பூசி,
அறுபது வாட் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டேன்.
சுங்கை ஆராவின் பின்சந்து இருட்டில்
இரண்டு வாரம் தொட்டி அடைகாத்தது.

இரண்டாம் தீ மஞ்சளாய்ச் சோம்பி
வாய்க்கு வெளியே நாக்கைத் தொங்கவிட்டது.
லோரி வில்லின் துண்டு
காய்ந்த மிளகாய் நிறத்துக்கு மேல் ஏற மறுத்தது.
காற்று போதவில்லை. முனையின் துளையைச் சிறிதாக்கினேன்:
ஒரு மில்லிமீட்டரிலிருந்து புள்ளி எட்டு.
மூன்றாம் தீ டுப் டுப் என்று விக்கியபடி
குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடியது.
அழுத்தத்தைக் கூட்டினேன். முனையை அரை விரல் பின்னிழுத்தேன்.

நான்காவது இரைந்தது.
உள்ளே நிழலே இல்லை.
இரும்பு பப்பாளிப் பழமாய் வெளியே வந்தது.
சுவருக்கு அப்பால் திருமதி கூ ரேடியோவை நிறுத்திவிட்டு
விமானம் இங்கேயே இறங்குகிறதா என்று மலாயில் கேட்டார்.

பிறகு நான்கு வாரம் இரவு ஷிப்ட்.
திரும்பி வந்து பற்றவைத்தால்
மறுபடி அந்த மஞ்சள் நாக்கு.
முனை சுத்தம். ரெகுலேட்டர் சரி.
சோப்பு நுரை எந்த மூட்டிலும் குமிழிடவில்லை.
குழாயைக் கழற்றி வெயிலில் பிடித்தேன்.
ஒரு பிறையளவு வெளிச்சம்தான் வந்தது.

தட்டியதும் விழுந்தது மண்ணுருளை.
குளவிக்கூடு, மூன்று அறை.
என் பூச்சுக்கு வராத வழவழப்பு, ஒரு கீறல் கிடையாது.
பல்பு இல்லை, சிமெண்டு இல்லை, எச்சில் மட்டும்.
இரண்டு அறை உடைந்து மயங்கிய சிலந்திகள் சிந்தின.
மூன்றாவது மூடியே இருந்தது.

குணாளன் எட்டிப் பார்த்தான்.
"குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை..."
என்று தொடங்கி நிறுத்தினான்.
ஜார்ஜ்டவுன் மருத்துவமனையின் ரசீதுகள்
இன்னும் எங்கள் அலமாரியில் ஒரு கோப்பு.
எனக்கு நாற்பத்தாறு.
"குழாயில்தானே கட்டியிருக்கு," என்றேன்,
"வீட்டில் இல்லையே."
முதலில் அவன் சிரித்தான். அப்புறம் நான்.

மூடிய அறையை மைலோ டின்னில் வைத்தேன்.
குழாயைத் துடைத்து மாட்டினேன்.
கொட்டக் கொட்டப் புழு குளவியாகுமாம்.
ஏழு சூடு, ஏழு தடவை கொட்டியதில்
எனக்கு வந்தது ஒரு கொக்கி.
அவன் ஹெல்மெட் அதில்தான் தொங்குகிறது,
கொக்கியைப் போலவே ஒருபக்கம் சாய்ந்து.

இப்போதெல்லாம் தொட்டி ஆறியதும்
குழாயின் வாயில் பழைய காலுறையைத் திணிக்கிறேன்.
நேற்று டின்னில், மண்ணில் ஒரு துளை. அறை காலி.
இன்று காலை ஒரு குளவி,
அதுவோ வேறொன்றோ,
காலுறையை இரண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டுச்
சுவர் தாண்டித் திருமதி கூவின் தபால்பெட்டிக்குள்
வாயில் மண்ணோடு நுழைந்தது.
அவருக்கு எழுபத்தொன்று.
இன்னும் சொல்லவில்லை.